நமுத்த அப்பளமும் பேரனின் காரும்

நம் சங்க இதழில் சமையல் குறிப்புப் பகுதிக்குத் தாய்மார்கள்தாம் எழுதுவது வழக்கம். இம்முறை அடியேனும் ஒரு குறிப்பு தருகிறேன். தேவையான பொருட்கள்: ஒரு பழைய அலுமினியப் பாத்திரம், தண்ணீர், பொம்மைக் காரின் நைலான் பாகங்கள். உப்பு தேவையில்லை. வாசகர்கள் சிரிக்கலாம். ஆனால் வீட்டில் ரிமோட் கார் ஓட்டும் பிள்ளை இருந்தால், சிரித்து முடித்த பிறகு மேலே படியுங்கள்.

ரயில்வேயில் நிரந்தர வழிப் பிரிவில், அதாவது தண்டவாளப் பராமரிப்பில், முப்பத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்து 2019இல் ஓய்வு பெற்றவன் நான். படித்தது சிவில் டிப்ளமா. எனக்குத் தெரிந்ததெல்லாம் இரும்பும் ஜல்லியும் கான்கிரீட் ஸ்லீப்பரும். பிளாஸ்டிக்கை ஒரு பொருளாகவே நான் மதித்ததில்லை. அந்த அலட்சியத்துக்குத் தண்டனை 2023ஆம் ஆண்டு மே மாதம் கிடைத்தது.

பதிமூன்று வயதுப் பேரன், பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் கிடைத்த பணத்தையெல்லாம் சேர்த்து ஒரு ரேடியோ கண்ட்ரோல் கார் வாங்கினான். பாகம் பாகமாக வரும். நாமே பூட்டிக்கொள்ள வேண்டும். தாத்தாவும் பேரனும் பத்து நாள் உட்கார்ந்து பூட்டினோம். முதல் ஞாயிற்றுக்கிழமையே காலனி நடைபாதையின் விளிம்பில் மோதி, முன் சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் ஆர்ம் ஒடிந்தது. "தாத்தா, டூட் கயா" என்று இரண்டு துண்டையும் கொண்டுவந்து கொடுத்தான். நம் நாக்பூர்ப் பிள்ளைகளுக்கு அவசரத்தில் இந்திதானே முதலில் வருகிறது! மாற்று ஆர்ம் தபாலில் வரப் பதினைந்து நாள். வந்து மாட்டிய மறுநாள் அதுவும் ஒடிந்தது.

ஒடிந்த முகத்தைப் பார்த்தேன். சாக்பீஸ் ஒடிந்ததுபோல் நேராக இருந்தது. துளியும் வளைந்த அடையாளம் இல்லை. இரும்பில் இப்படி முறிவைக் கண்டால் 'பொருள் மொறுமொறுப்பாக இருக்கிறது' என்போம். அப்போது கடைக்காரர் ஒருவர், "அங்கிள், மாட்டுவதற்கு முன் வெந்நீரில் கொதிக்க வையுங்கள்" என்று சொன்னார். ஏன் என்று அவருக்கும் தெரியவில்லை, நானும் கேட்கவில்லை.

இஞ்சினியர் அல்லவா? ஒரு பாகத்துக்கு நல்லதென்றால் எல்லாவற்றுக்கும் நல்லதுதான் என்று முடிவு செய்து, கைக்குக் கிடைத்த பிளாஸ்டிக்கையெல்லாம் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வைத்தேன். ஆர்ம்கள் பத்திரமாக வந்தன. ஆனால் பேரன் இரண்டு நாள் உட்கார்ந்து சிவப்பு வர்ணம் பூசியிருந்த ஏபிஎஸ் கூண்டு, வெயிலில் வைத்த மெழுகுவத்திபோல் முறுக்கிக்கொண்டது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. அதை எடுத்துப் பார்த்துவிட்டு அலமாரிக்குள் வைத்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்றிரவுதான், காரணம் தெரியாமல் இனி அடுப்பைப் பற்ற வைப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

காரணம் இதுதான். நைலான் மற்ற பிளாஸ்டிக்குகளைப் போன்றதல்ல. அது தண்ணீர் குடிக்கும். அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழுவினர் 1935இல் உருவாக்கியது நைலான் 66. ஜெர்மனியில் பால் ஷ்லாக் 1938இல் உருவாக்கியது நைலான் 6. இரண்டும் நீண்ட சங்கிலிகளாலான பொருட்கள். ஒரு சங்கிலிக்கும் பக்கத்துச் சங்கிலிக்கும் இடையே ஹைட்ரஜன் பிணைப்புகள் உண்டு. கூட்டமான ரயிலில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நைலான் உலர்ந்திருக்கும்போது இந்தப் பிடி இறுக்கமாக இருக்கும். திடீரென்று அடி விழுந்தால் நகர இடமில்லாமல் ஒடியும். தண்ணீர் மூலக்கூறுகள் நடுவே புகுந்தால் பிடி தளரும். சங்கிலிகள் சற்று நழுவி அடியை வாங்கிக்கொள்ளும்.

நம் வீட்டு உதாரணம் வேண்டுமா? பொரித்த அப்பளம் தொட்டால் நொறுங்கும். மழைக்காலத்தில் திறந்து வைத்தால் நமுத்துப்போகும். அப்போது வளைத்தாலும் ஒடியாது. சாப்பாட்டுக்கு நமுத்த அப்பளம் ஆகாது. காருக்கு நமுத்த நைலான்தான் வேண்டும்.

அச்சிலிருந்து வெளிவரும் நைலான் பாகத்தில் ஈரம் ஏறக்குறைய இல்லை. காற்றில் பாதி ஈரப்பதம் இருக்கும் ஊரில் அதை வைத்தால், மெல்ல மெல்லத் தன் எடையில் இரண்டரை முதல் மூன்று சதவீதம் வரை ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தண்ணீரிலேயே ஊறவிட்டால் நைலான் 66 சுமார் எட்டரை சதவீதமும், நைலான் 6 ஒன்பது சதவீதத்துக்கு மேலும் குடிக்கும். ஆனால் சாதாரண வெப்பத்தில் இதற்குப் பல மாதங்கள் ஆகும். சென்னைக் கடற்காற்றில் இந்த வேலை தானாகவே நடந்துவிடும். நம் ஊர் மே மாதத்தில், 45 டிகிரி வெயிலில், வெட்டிவேர்த் தட்டி கட்டிய கூலர் இல்லாமல் நமக்கே உதடு வெடிக்கிறது. நைலான் எங்கே போய்த் தண்ணீர் குடிக்கும்? ஆகவேதான் வெந்நீர். சூட்டில் தண்ணீர் உள்ளே புகும் வேகம் பல மடங்கு கூடுகிறது. மாதக்கணக்கான வேலை மணிக்கணக்கில் முடிகிறது.

இதைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. கான்கிரீட் ஸ்லீப்பரில் தண்டவாளத்தை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங் கிளிப்புக்கு அடியில், சிக்னல் மின்சாரம் கசியாமல் இருக்கக் கண்ணாடி இழை கலந்த நைலான் 66 லைனரைத்தான் போடுவோம். அதைக் கையில் எடுத்து எடுத்துப் போட்டவன் நான். அந்த நைலானுக்குத் தாகம் உண்டு என்பதை ஓய்வு பெற்ற பிறகு பேரனின் கார்தான் சொல்லித்தந்தது.

இனி செய்முறை.

முதலில் பொருளைக் கண்டுபிடியுங்கள். பாகத்தின் உட்புறத்தில் சிறிய ஆங்கில எழுத்துகள் இருக்கும். பிஏ, பிஏ6, பிஏ66 என்றிருந்தால் அது நைலான். கூடவே ஜிஎஃப்30 என்றிருந்தால் முப்பது சதவீதம் கண்ணாடி இழை. கண்ணாடி தண்ணீர் குடிக்காது; ஆகவே பலன் குறைவாக இருக்கும். ஏபிஎஸ் என்றிருந்தால் பாத்திரத்தின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். என் கதை தெரியும். பிசி என்றால் பாலிகார்பனேட். காரின் மேல்மூடி பெரும்பாலும் அதுவே. வெந்நீர் அதற்குக் கெடுதல். பிஓஎம் என்றால் அசெடால். அது மிகக் கொஞ்சமே தண்ணீர் குடிக்கும், கொதிக்க வைத்துப் பயனில்லை.

எழுத்து ஏதும் இல்லையா? பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் சட்டத்திலிருந்து ஒரு துண்டை நறுக்கிக்கொள்ளுங்கள். தண்ணீரில் மிதந்தால் அது பாலிப்ரொப்பிலீன், விட்டுவிடுங்கள். மூழ்கினால், நகை நிறுக்கும் சிறிய மின்னணுத் தராசில் எடை பாருங்கள். ஒரு மணி நேரம் கொதிக்க வைத்து, ஈரத்தைத் துடைத்து, மறுபடியும் நிறுங்கள். இரண்டு சதவீதத்துக்குக் குறையாமல் எடை கூடியிருந்தால் நைலான்தான்.

அடுத்து, பேரிங், திருகு, உலோகக் குச்சி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். சமையலுக்குப் பயன்படாத பாத்திரத்தை எடுங்கள். பாகம் அடியில் படாமலிருக்க ஒரு தட்டையோ துணியையோ போடுங்கள். தண்ணீர் கொதித்ததும் பாகங்களை இறக்கி, தீயைக் குறைத்து ஒரு மணி நேரம் வையுங்கள். பிரஷர் குக்கர் கூடாது. பிறகு அடுப்பை அணைத்து, அதே தண்ணீரில் தானாக ஆற விடுங்கள். அவசரப்பட்டுச் சூட்டோடு எடுத்தால் கோணிக்கொள்ளும். ஆறியதும் துடைத்து, காற்றுப் புகாத பையில் இரண்டு நாள் மூடி வையுங்கள். மேல்தோலில் இருக்கும் ஈரம் உள்ளே பரவ இந்த அவகாசம் வேண்டும். பிள்ளைகள் தனியாகச் செய்ய வேண்டாம், கொதிநீர் விளையாட்டல்ல.

நாங்கள் செய்தபோது 14 கிராம் ஆர்ம் 14.3 கிராம் ஆனது. இரண்டு சதவீதத்துக்குச் சற்று மேல். அந்த அளவு போதும். இன்னும் கொதித்தால் இன்னும் நல்லது என்று நினைக்காதீர்கள். ஈரம் ஏற ஏற நைலான் வளைந்து கொடுக்கும், விறைப்பு குறையும், அளவும் சிறிது பெருக்கும். திருகுத் துளையும் அச்சுத் துளையும் மாட்டும்போது சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். கோடையில் இந்த ஈரம் மெல்ல வெளியேறிவிடும். ஆகவே வருடம் ஒருமுறை, வற்றல் வடகம் போடும் காலத்தில், நைலானுக்கும் ஒரு கொதி கொடுங்கள்.

இது மந்திரமும் அல்ல. முழு வேகத்தில் கேட் தூணில் மோதினால் எதுவும் ஒடியும். கொதிக்க வைத்த பிறகும் எங்கள் காரில் ஓர் ஆர்ம் போனது. ஆனால் அது சாக்பீஸ்போல் ஒடியவில்லை. வளைந்து, வெளுத்து, கடைசியில்தான் கிழிந்தது. அந்தத் துண்டைப் பேரனே எடுத்துவந்து, "தாத்தா, இதைப் பாருங்கள், வளைந்திருக்கிறது" என்றான்.

முறுக்கிய கூண்டு இன்னும் அவன் அலமாரியில் இருக்கிறது. இப்போது புதுப் பாகம் எது வந்தாலும், என் கையில் கொடுப்பதற்கு முன் உட்புறத்து எழுத்தை அவனே சத்தமாகப் படித்துக் காட்டுகிறான். நானும் மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொள்கிறேன்.