தூரிகை படாத சொப்பு

சீசன் நேரத்தில் குற்றாலத்தில் குளித்துவிட்டு ஆலங்குளம் வழியாகத் திரும்பும் குடும்பங்களின் பையில், மிக்சர் பொட்டலத்துக்கு அடியில் ஒரு பெட்டி சொப்பு சாமானும் இருக்கும். அம்மி, குடம், உரல், உலக்கை எல்லாமே விரல் நீளத்துக்குள். ஆலங்குளத்துக்குத் தெற்கே, தாமிரபரணிக் கரையிலுள்ள அம்பாசமுத்திரம்தான் இவற்றுக்குப் பேர்போன ஊர்.

மஞ்சக்கடம்பு போன்ற மரத்துண்டைக் கடைசல் இயந்திரத்தில் பூட்டிச் சுழலவிட்டு, உளியை ஓரமாகக் காட்டுவார்கள். சீவல் சுருள் சுருளாகப் பறக்கப் பறக்க உள்ளிருந்து குடம் வெளிவரும். அடுத்துத்தான் வேடிக்கை. வண்ணம் பூசத் தூரிகை கிடையாது. நிறம் கலந்த அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தில் வைத்து அழுத்துகிறார்கள். அரக்கு, மரக்கிளைகளில் ஒட்டி வாழும் சிறு பூச்சி சுரக்கும் பிசின். சுமார் 75 டிகிரியில் இளகிவிடும். அந்தச் சூட்டை உராய்வே தந்துவிடுவதால் நெருப்பு வேண்டாம். இளகிய அரக்கு மரத்தில் பரவ, தாழை மடலால் தேய்த்தால் கண்ணாடிப் பளபளப்பு. ஆறியதும் இறுகிவிடும்.

ஜப்பானுக்கும் இதுபோல ஒரு பொம்மை உண்டு. வடகிழக்கே தோஹோக்கு பகுதியில், வெந்நீர் ஊற்றுகளில் குளிக்க வந்தவர்களுக்கு, கிண்ணம் கடையும் தொழிலாளர்கள் 19ஆம் நூற்றாண்டில் 'கொகேஷி' செய்து விற்றார்கள். கை கால் இல்லாத, உருண்டைத் தலைப் பொம்மை. அங்கும் கடைசல், அங்கும் குளிக்க வந்த கூட்டம்! நருகோ ஊர்க் கொகேஷியின் தலையைத் திருப்பினால் கீச்சென்று கத்தும். சுழலும் உடலில் தலையை அழுத்திச் செருகுவதால், கழுத்து அத்தனை இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது.

ஆனால் சீன, ஜப்பானியச் சாப்பாட்டுக் கிண்ணங்களின் மெருகு வேறு சாதி. 'உருஷி' என்பது ஒரு மரத்தின் பால். பச்சையாகத் தோலில் பட்டால் கொப்புளிக்கும். வெயிலில் காய்வதில்லை. ஈரக்காற்றுள்ள அலமாரியில் வைத்தால்தான், பாலிலுள்ள நொதி காற்றின் ஆக்சிஜனைக் கொண்டு அதை இறுக்கும். பூச்சுக்கு மேல் பூச்சாக வாரக்கணக்கில் வேலை. ஒருமுறை இறுகினால் மறுபடி உருகாது. சுடச்சுட சூப்பையும் தாங்கும்.

அரக்குக்கு அந்தத் தெம்பு இல்லை. நம் அடுக்களையில் மத்தும் மரக்கரண்டியும் வெறும் மரமாகவே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன். சொப்புக் கிண்ணத்தில் கொதிக்கும் ரசத்தை ஊற்றிப் பாருங்கள், மெருகு வெளுத்துவிடும்.