பவானியின் தலைமாட்டில் ஒரு வெளியூர் மீன்

பவானி தண்ணி குடித்து வளர்ந்த கோயமுத்தூர்க்காரர்கள் நாம். அதே ஆற்றின் தலைமாட்டில் ஒரு அமெரிக்க மீன் நூறு வருஷத்துக்கு மேலாகக் குடியிருப்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அப்பர் பவானி, அவலாஞ்சி, முக்குருத்திப் பக்கத்து நீர்களில் வாழும் ரெயின்போ ட்ரவுட்டைத்தான் சொல்கிறேன். வட அமெரிக்காவின் பசிபிக் கரைதான் அதற்குப் பூர்வீகம்.

கறிக்காக அல்ல, விளையாட்டுக்காகக் கொண்டுவந்த மீன் இது. ஊட்டியில் குடியேறிய வெள்ளைக்காரர்களுக்குக் குளிர்ந்த ஓடை கிடைத்தது. ஊரில் பிடித்துப் பழகிய மீன் கிடைக்கவில்லை. 1863-ல் ராணுவ மருத்துவரும் மீனியல் அறிஞருமான பிரான்சிஸ் டே முதலில் முயன்றார், கைகூடவில்லை. பிறகு எச். சி. வில்சன் வெளிநாட்டிலிருந்து முட்டைகளைத் தருவித்து வெற்றி கண்டார். அவலாஞ்சி பொரிப்பகம் 1907-ல் வந்தது.

சரி, மேலே இருக்கும் மீன் ஆற்றோடு இறங்கி மேட்டுப்பாளையம் வரை ஏன் வருவதில்லை? சூடுதான் காரணம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். அப்பர் பவானி ஏரி 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. கோவை 400 மீட்டர் சொச்சம். தண்ணி சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரி தாண்டினாலே ட்ரவுட் திணற ஆரம்பிக்கும்.

பிடிக்கும் முறையும் வேறு. நம்ம ஊர்க் குளத்தில் தக்கை, மண்புழு, ஈயக்குண்டு வைத்துத் தூண்டில் போட்டவன் நான். அதில் குண்டின் கனம் நரம்பை இழுத்துப் போகும். ‘ஃப்ளை ஃபிஷிங்’கில் இது தலைகீழ். முள்ளில் இறகும் ரோமமும் கட்டிச் செய்த பொய்ப்பூச்சிக்குக் கனமே கிடையாது. தடித்த நரம்பின் கனம்தான் அதைச் சுமந்து போகிறது. சாட்டை வீசுவது மாதிரி முன்னும் பின்னும் வீச வேண்டும். நுனியில் மட்டும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நரம்பு.

ஓடையில் ட்ரவுட் நீரோட்டத்தை எதிர்த்து நின்று, மிதந்து வரும் இரைக்குக் காத்திருக்கும். ஏரியில் இரையைத் தேடி அதுவே சுற்றும். அதனால் ஏரியில் மீன் போகும் வழியைக் கணிப்பதுதான் பாதி வேலை, மீதி, பொறுமை.

கேட்கவே கை துறுதுறுக்கிறது, இல்லையா? எனக்கும்தான். ஆனால் முக்குருத்தி, 1990-லிருந்து தேசியப் பூங்கா. வரையாடுக்கும் சோலைக்காட்டுக்கும் உரிய இடம். அங்கே தூண்டிலுக்கு அனுமதி இல்லை. வேடிக்கை என்னவென்றால், உலகின் மோசமான நூறு ஊடுருவும் உயிரினங்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் ரெயின்போ ட்ரவுட்டும் இருக்கிறது. பூச்சி, தலைப்பிரட்டை, சின்ன மீன் எல்லாம் அதற்கு இரை. காட்டைக் காக்கப் போட்ட வேலி, வெளியூர் மீனையும் சேர்த்தே காக்கிறது!

அப்படியானால் தூண்டிலை அனுமதித்துப் பிடித்துத் தீர்த்துவிடலாமே என்று கேட்கலாம். விளையாட்டுக்குப் பிடிப்பவன் மீன் தீர்ந்துபோவதை விரும்ப மாட்டான். குறைந்தால் திரும்பவும் குஞ்சு விடச் சொல்வான். அந்த ஆசைதான் 1907-ல் பொரிப்பகம் கட்ட வைத்தது. எந்த ஓடையில் எந்த மீன் இருக்கலாம் என்பதை இனியாவது தூண்டில்காரன் ஆசை தீர்மானிக்கக் கூடாது. என் ஆசையும் சேர்த்துத்தான்.