கப்பலில் வந்த ஐஸ்!
பாதி உருகியும் லாபம் தந்த வியாபாரம்

மீன்காரி கூடையை இறக்குகிறாள். வீட்டுப் பெண்கள் செவுளைத் தூக்கிப் பார்க்கிறார்கள். "ஐஸ் மீனா, இன்றைக்குப் பிடித்ததா?" என்று கேட்கிறார்கள். இடையஞ்சாவடி போன்ற கடலோரப் பகுதி ஊர்களில் இது வழக்கமான பேச்சு.

ஐஸ் இல்லாத காலத்தில் இந்தக் கேள்விக்கே இடம் இல்லை! காலையில் பிடித்த மீன் விற்காவிட்டால் மாலைக்குள் நாறிவிடும். அன்றைய உழைப்பு வீண். மிஞ்சியதைக் காப்பாற்ற ஒரே துணை உப்பு. அதற்குப் பஞ்சமில்லை. வடக்கே மரக்காணத்தில் உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. மீனைக் கீறி, உப்பிட்டு, வெயிலில் காய வைத்தால் கருவாடு.

ஆனால் பாலைக் கருவாடு ஆக்க முடியுமா? வெண்ணெயைக் காய வைக்க முடியுமா? அவற்றுக்குக் குளிர்ச்சி வேண்டும்.

பானை செய்த வேலை

ஏழையின் குளிர்ப்பெட்டி மண்பானைதான். பானையின் நுண்ணிய துளைகள் வழியே நீர் கசியும். காற்றுப்பட்டு ஆவியாகும். ஆவியாகும்போது பானையின் சூட்டையும் கொண்டு போய்விடும். ஆனால் பானை நீரைக் குளிர வைக்குமே தவிர, ஐஸ் ஆக்காது.

இந்தியாவிலேயே ஐஸ் செய்தவர்களும் உண்டு. வங்காளத்தில் ஹூக்ளி அருகே, குளிர்கால இரவில், குழியில் வைக்கோல் பரப்புவார்கள். அதன்மேல் ஆழமில்லாத மண் தட்டுகளில் நீர் ஊற்றி வைப்பார்கள். தெளிந்த வானத்தை நோக்கிச் சூடு வெளியேறும். விடியும்போது மெல்லிய ஐஸ் ஏடு படிந்திருக்கும்! தமிழ்நாட்டுக் கடற்கரையில் இந்த வித்தை பலிக்காது. இங்கே இரவிலும் புழுக்கம்!

ஏரியை அறுத்து விற்றவர்

அப்போதுதான் அமெரிக்காவிலிருந்து ஐஸ் வந்தது. பாஸ்டன் நகர வியாபாரி பிரெடரிக் டியூடர். குளிர்காலத்தில் அவ்வூர் ஏரிகள் உறைந்து கல்லாகும். அதை வெட்டி வெப்ப நாடுகளுக்கு விற்றால் என்ன என்று நினைத்தார். 1806-ல் மேற்கிந்தியத் தீவு ஒன்றுக்கு முதல் கப்பலை அனுப்பினார். ஊரே சிரித்தது. நஷ்டம் வந்தது. கடனுக்காகச் சிறைக்கும் போனார். ஆனாலும் விடவில்லை.

1833 மே மாதம் 'டஸ்கனி' என்ற கப்பல் 180 டன் ஐஸுடன் பாஸ்டனை விட்டுப் புறப்பட்டது. அப்போது சூயஸ் கால்வாய் இல்லை. ஆப்பிரிக்காவைச் சுற்றி, பூமத்திய ரேகையை இரண்டு முறை கடந்து, செப்டம்பரில் கல்கத்தாவை அடைந்தது. சுமார் 100 டன் ஐஸ் உருகாமல் இருந்தது!

எப்படி உருகவில்லை?

மந்திரம் ஒன்றும் இல்லை. கட்டிகளை இடைவெளி இல்லாமல் அடுக்கினார்கள். சுற்றிலும் மரத்தூளைத் திணித்தார்கள். மரத்தூள் வெளிச்சூட்டை உள்ளே விடாது. மேலும் ஐஸ் லேசில் உருகாது. ஒரு கிலோ ஐஸ் உருகத் தேவையான சூடு, ஒரு கிலோ நீரைப் பூஜ்யத்திலிருந்து 80 டிகிரி வரை ஏற்றப் போதும்!

சென்னையின் ஐஸ் ஹவுஸ்

1842-ல் சென்னைக் கடற்கரையில் இந்த ஐஸைச் சேமிக்கத் தனிக் கட்டடம் எழுந்தது. அதுதான் ஐஸ் ஹவுஸ். அங்கிருந்த ஐஸ் வெள்ளைக்காரர்களின் வீடுகளுக்கும் செல்வந்தர்களின் வீடுகளுக்கும் போயிற்று. மீனவர் குடிசைக்கு ஒரு துண்டும் எட்டவில்லை.

பிறகு ஐஸ் செய்யும் இயந்திரங்கள் வந்தன. கப்பல் ஐஸ் வியாபாரம் படுத்தது. கட்டடம் கைமாறியது. 1897-ல் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார். 1963-ல் அது 'விவேகானந்தர் இல்லம்' ஆயிற்று. ஆனாலும் சுற்றுப்புறத்துக்கு ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

அன்று சீமான்களின் மேஜைக்கு மட்டும் வந்த பொருள், இன்று மீன் பெட்டியில் கிடக்கிறது. அடியில் ஒரு அடுக்கு ஐஸ், மேலே மீன், அதன்மேல் மீண்டும் ஐஸ். மரத்தூள் செய்த வேலையைத் தெர்மாகோல் பெட்டி செய்கிறது. காலையில் விலை படியாத மீனை உடனே கருவாடாக்க வேண்டியதில்லை. மறுநாள் சந்தைக்கும் கொண்டு போகலாம்.

மீன்காரிக்கு அந்த ஒரு நாள் அவகாசம்தான் பெரிய லாபம்!