மருந்துப் போத்தலும் கிளினிக் கொப்பியும்

கோப்பிக் காலத்திலேயே, 1872 இல், இலங்கையின் தோட்டப் பகுதிகளுக்கென மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் வந்தது. தென்னிந்தியாவிலிருந்து வந்த சனம் காட்டுவழியிலும் தோட்டத்திலும் காய்ச்சலுக்கும் பேதிக்கும் மாண்டுகொண்டிருந்தது. ஆள் குறைந்தால் மலையில் வேலை நிற்கும். அந்தக் கணக்கும் சேர்ந்துதான் சட்டத்தை எழுதியது. 1912 இல் வந்த தொழிலாளர் நோய்கள் சட்டம் இன்னும் விபரமானது. தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைச் சுத்தமாக வைத்திருப்பது தோட்டத்தை நடத்தும் துரையின் பொறுப்பு. தோட்டத்தில் பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மாதம் சாப்பாடும் இருப்பிடமும் தரவேண்டும். வைத்தியர் சொன்னாலன்றி அதற்குள் அவளை வேலைக்கு அழைக்கக்கூடாது.

இந்தச் சட்டங்களின் கீழ் வளர்ந்ததுதான் பதுளை மாவட்டத் தோட்டங்களின் டிஸ்பென்சரி. பங்களாவுக்கும் லயத்துக்கும் நடுவே ஒரு தகரக்கூரைக் கட்டடம். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்களத்துக்குப் போகுமுன் அங்கே வரிசை நிற்கும். போத்தலை நோயாளிதான் கொண்டுபோக வேண்டும். டிஸ்பென்சர் கலவை மருந்தை ஊற்றி, வேளைக்கு எவ்வளவு என்று காட்ட, ஓரம் வெட்டிய காகிதத் துண்டைப் போத்தலில் ஒட்டிக் கொடுப்பார். அவர் முழு டொக்டர் இல்லை. ஆனாலும் 'டொக்டர் ஐயா'தான். தோட்டத்திலேயே குடியிருந்தார். எந்த வீட்டில் இழுப்பு, எவளுக்கு எத்தனையாவது பிள்ளை என்பது அவருக்கும் மருத்துவிச்சிக்கும் மனப்பாடம். நடுச்சாமத்தில் கதவைத் தட்டினால் ஆள் எழும்பி வரும்.

ஆனால் அந்த மருந்து துரையின் மருந்து. காய்ச்சல் உண்மைதான் என்று டிஸ்பென்சர் எழுதித் தந்தால்தான் வேலைக்கு வராததற்குக் காரணம் உண்டு. டிஸ்பென்சருக்குச் சம்பளம் தந்தது தோட்டம்; ஆகவே நோயாளியின் பக்கம் அவர் எவ்வளவு தூரம் சாயலாம் என்பதற்கும் எல்லை இருந்தது. அவர் கையை மீறிய நோயாளியைக் கம்பளியில் தூளிகட்டி, கம்பில் கோர்த்து, நாலுபேர் ஒற்றையடிப் பாதையில் தூக்கிப்போனார்கள். பிறகு அந்த வேலைக்குக் கொழுந்து லொறி வந்தது.

நாடு வேறு பாதையில் போய்க்கொண்டிருந்தது. 1951 இல் அரச வைத்தியசாலைகளில் கட்டணம் எடுபட்டது. இலங்கையின் இலவச மருத்துவம் உலகம் மெச்சும் முன்மாதிரியானது. கட்டணம் எடுபடுவதற்கு மூன்று ஆண்டு முன்னர்தான், 1948 இல், தென்னிந்தியாவிலிருந்து வந்த அந்தச் சனத்தின் வழிவந்த மலையகத் தமிழரில் பெரும்பாலோர் குடியுரிமை இழந்திருந்தார்கள். அரச ஆஸ்பத்திரியின் கதவு அவர்களுக்கு அடைபடவில்லை. ஆனால் அவர்களுடைய சுகாதாரம் தோட்ட நிருவாகத்தின் காரியமாகவே நின்றது. எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் மீண்டும் கம்பனிகளிடம் போயின. தொண்ணூறுகளில் தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியபோது, சில மாகாண சபையின் கீழ் வந்தன. மற்றவை கம்பனியிடமே கிடந்தன. கூரை ஒழுகினால் யாரிடம் சொல்வது என்பது இடத்துக்கு இடம் மாறிற்று.

அன்று லயக்காம்பராவில் மருத்துவிச்சியின் கையில் பிள்ளை பிறந்தது. இன்று ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் ஆஸ்பத்திரியில் பிறக்கின்றன. அன்று தடுப்பூசி அரிது. இன்று பிள்ளைக்குத் தவறினால் குடும்பநல உத்தியோகத்தர் தேடி வருகிறார். பதுளையில் போதனா வைத்தியசாலை இருக்கிறது. தியத்தலாவையிலும் வெலிமடையிலும் ஆதார வைத்தியசாலைகள் இருக்கின்றன. 2018 முதல் பதுளை அடங்கிய ஊவா மாகாணத்திலும் 1990 ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வருகிறது. வயதுக்கேற்ற உயரமில்லாத தோட்டப் பிள்ளைகள் 2006–07 கணக்கெடுப்பில் நூற்றுக்கு 40 பேர். 2016 இல் ஏறத்தாழ 32 பேர். அதே 2016 இல் முழு நாட்டுக்கும் அந்தக் கணக்கு 17. குறைந்திருந்தது, ஆனாலும் நாட்டுக் கணக்கின் ஏறத்தாழ இரட்டிப்பாகத்தான் நின்றது.

இன்றைய நோயும் வேறு. கலவை மருந்தோடு தீர்ந்துபோகும் காய்ச்சல் அல்ல, சீனி வருத்தமும் பிரஷரும். மாதாமாதம் கிளினிக் கொப்பியோடு போகவேண்டியவை. மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றின் மேற்கணக்குப் பிரிவிலிருந்து பதுளைக்குப் போகும் பெண் விடியுமுன் எழும்புகிறாள். ஓட்டோவில் கீழே இறங்கி, பஸ் பிடித்து, நம்பர் எடுத்து, வாங்கில் இருந்து, சிங்களத்தில் கேட்கும் கேள்விக்குப் பாதி விளங்கித் தலையாட்டி, மருந்து உறையுடன் திரும்பும்போது பின்னேரம் ஆகிவிடும். அன்று வேலைக்குப் பேர் விழாது. அந்த நாட்சம்பளம் போகிறது; 2024 இல் அதன் அடிப்படை 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. ஓட்டோக் காசு தனி. மருந்து இலவசம். 2022 நெருக்கடியில் அந்த மருந்துக்கே தட்டுப்பாடு வந்து, வெளிக்கடைக்குத் துண்டு எழுதிக் கொடுத்த நாட்களும் உண்டு.

பாதையின் கதையும் இதில் சேர்த்தி. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டங்களுக்குள் சபைப் பணம் செலவாவதைத் தடுத்து வைத்திருந்தது. அந்தப் பிரிவு திருத்தப்பட்டது 2018 இல்தான். அம்புலன்ஸ் ஊவாவுக்கு வந்ததும், அது ஏறிவரும் தோட்டப் பாதையைச் சபை செப்பனிடச் சட்டம் இடம் கொடுத்ததும் ஒரே ஆண்டில்.

பழைய டிஸ்பென்சரி திரும்பி வரவேண்டும் என்று லயத்தில் எவரும் கேட்பதில்லை. இழந்த குடியுரிமை திரும்பிய பிறகு, துரையிடம் கையேந்தி வாங்கியதை இன்று பிரசையாகக் கேட்டு வாங்கலாம். அந்த மாற்றத்தை எதற்காகவும் விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் துரையின் ஏற்பாட்டோடு சேர்ந்து, கதவைத் தட்டினால் எழும்பிவரும் ஆளும் போய்விட்டார். மிச்சமுள்ள தோட்ட ஆஸ்பத்திரிகளை மாகாணம் எடுக்கும் நாளில் சாவிகளும் தளபாடப் பட்டியலும் கைமாறும். தமிழ் பேசுகிற, அந்த மலையிலேயே இராத் தங்குகிற ஒருவருக்கான நியமனக் கடிதமும் அந்தக் காகிதக் கட்டுக்குள் இருக்கவேண்டும்.