கீபோர்டு இல்லாத கம்ப்யூட்டர்
கம்ப்யூட்டருக்கு இன்புட் கொடுக்க கீபோர்டும் மவுசும்தான் வேண்டுமா? புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இப்படிக் கேட்டால், மெர்சிடஸ் பென்ஸின் இரண்டு கதவு சொகுசு கூபே காரைத்தான் நான் உதாரணம் காட்டுவேன்.

1992-இல் இந்நிறுவனத்தின் பெரிய கார்களில் 'கேன்' நெட்வொர்க் வந்தது. காருக்குள் இருந்த சிறு கம்ப்யூட்டர்கள் இரண்டே ஒயர்கள் மூலம் தகவல் பரிமாறிக்கொண்டன.

1999-இல் வந்த சிஎல் கூபேயில் சென்சார்கள் காரின் ஆட்டத்தை உணர்ந்து சொல்லும். உடனே கம்ப்யூட்டர் சக்கரங்களில் உள்ள ஹைட்ராலிக் சிலிண்டர்களை இயக்கி அதைச் சமன் செய்யும்.

2006 மாடலில் ரேடார் முன்னால் செல்லும் வண்டியைக் கவனித்தது. மோதும் நிலை வந்தால் எச்சரிக்கும். டிரைவர் கவனிக்காவிட்டால் தானே ஓரளவு பிரேக் போடும்.

2014-இல் வந்த எஸ் கிளாஸ் கூபேயில் கேமரா வளைவை முன்கூட்டியே பார்த்தது. பைக் போல கார் உட்பக்கம் 2.5 டிகிரி வரை சாய்ந்தது. 2020-இல் இதன் தயாரிப்பு நின்றது.

ஆக சென்சார், ரேடார், கேமரா எல்லாமே இன்புட் சாதனங்கள்தான். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். இன்புட் தவறினால் அவுட்புட்டும் தவறும். மூடுபனியில் கேமராவுக்குச் சாலை சரியாகத் தெரியாது. அதனால்தான் இத்தனை வசதி வந்த பிறகும் ஸ்டியரிங் டிரைவர் கையிலேயே இருந்தது.