உப்புக் காற்றில் ஒரு பிரேக்

மஞ்சக்குப்பத்தில் வீட்டு வாசலில் இரவெல்லாம் நிற்கும் கார் ஒன்றின் சக்கர இடைவெளி வழியே உள்ளே பாருங்கள். பளபளப்பான வட்டத் தகடு ஒன்று தெரியும். அதன் ஓரத்தைப் பற்றிக்கொண்டு, செம்பழுப்பு நிறத்தில் செதில் செதிலாக உரியும் ஓர் இரும்புக் கட்டியும் இருக்கும். மெக்கானிக்குகள் இதனைக் காலிப்பர் என்பார்கள். செய்யும் வேலையைக் கொண்டு நாம் இதைக் கவ்வி என அழைக்கலாம். மேலே காரின் உடல் புதிதுபோல் மின்னுகிறது. உள்ளே கவ்வி மட்டும் கடலில் கிடந்து எடுத்த நங்கூரம்போல் காட்சி தருகிறது. துருவைச் சுரண்டி வீட்டிலேயே வர்ணம் பூசலாமா? பூசலாம். ஆனால் எந்த இடத்தில் வர்ணம் படக்கூடாது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். பிரேக் என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

பிரேக்கை மிதித்தால் எண்ணெயின் அழுத்தம் குழாய் வழியே கவ்விக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் ஓர் உராய்வுப் பட்டையைத் தகட்டின் ஒரு பக்கத்தில் அழுத்துகிறது. உடனே கவ்வியின் உடல், இரண்டு வழுக்கு ஊசிகளின்மேல் சற்றே நகர்ந்து, மறுபக்கத்துப் பட்டையையும் இழுத்து அழுத்துகிறது. பெரும்பாலான சிறிய கார்களில் இந்த ஏற்பாடுதான். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் 1000 கிலோ எடையுள்ள காரை நிறுத்தும்போது, அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகிறது. 30 டிகிரியில் உள்ள ஒரு லிட்டர் நீரை 63 டிகிரிக்குச் சூடாக்க அவ்வெப்பம் போதும். அதுவும் சில விநாடிகளில்! ஜன்னல் கம்பிக்குப் பூசும் சாதாரண எனாமல் வர்ணம் கவ்வியின்மேல் நிலைக்காமல் நிறம் மங்கி உரிவதற்கு இதுவே காரணம்.

சரி, துரு ஏன் கடலோரத்தில் இவ்வளவு விரைந்து பிடிக்கிறது? துருப்பிடித்தல் உண்மையில் ஒரு சிறு மின்கல வேலை. ஈரம்பட்ட இரும்பின் ஓரிடத்தில் இரும்பு அணுக்கள் எலெக்ட்ரான்களை இழந்து நீரில் கரைகின்றன. வேறோரிடத்தில் காற்றிலிருந்து வந்த ஆக்சிஜனும் நீரும் அந்த எலெக்ட்ரான்களை ஏற்றுக்கொள்கின்றன. சுற்று முழுமையாக வேண்டுமானால் இடையிலுள்ள நீர் மின்னைக் கடத்த வேண்டும். தூய நீர் சரியாகக் கடத்தாது. உப்பு நீர் நன்றாகக் கடத்தும். குளோரைடு அயனிகள் இரும்பின்மேல் உள்ள மெல்லிய காப்புப் படலத்தையும் துளைத்துவிடுகின்றன.

இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. உப்பு, காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தை எட்டினால் சமையல் உப்பு தானாகவே கசிந்து நீராகும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடோ 33 சதவீதம் அளவிலேயே கசியத் தொடங்கும். தேவனாம்பட்டினம் கடற்கரையிலிருந்து சிறிது தொலைவே உள்ள மஞ்சக்குப்பத்தில், ஒருமுறை படிந்த உப்பு இரவுதோறும் கவ்வியை நனைத்துக்கொண்டே இருக்கும். மழை பெய்யத் தேவையில்லை. மாணவர்கள் இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஓர் ஆணியை நல்ல தண்ணீரிலும் இன்னொன்றை உப்புத் தண்ணீரிலும் தோய்த்து, உலரவிட்டு, மாடிச் சுவரில் ஒரு வாரம் வையுங்கள். எந்த ஆணி கையில் பிசுபிசுக்கிறது என்பதைத் தொட்டாலே தெரிந்துகொள்வீர்கள்.

1953-இல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இதே சோதனையைப் பேரளவில் செய்தது. நாட்டின் பல ஊர்களில் உலோகத் துண்டுகளை வெட்டவெளியில் நிறுத்தி, அவை இழந்த எடையை அளந்து, இந்தியாவின் அரிமான வரைபடத்தை உருவாக்கியது. கடலோரத்தில் அரிமானம் மிகுதி. கடலை விட்டு உள்ளே செல்லச் செல்ல அது விரைவாகக் குறைகிறது.

ஆகவே கவ்விக்கு வர்ணம் பூசும் வேலையில் முதன்மையானது தூரிகை அன்று, வாளி நிறைய நல்ல தண்ணீர். உப்பின்மேல் வர்ணம் பூசினால், அந்த உப்பு வர்ணப் படலத்தின் ஊடாகவே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சில மாதங்களில் கொப்புளம் எழும். உப்பு நீர் கலந்த ஆழ்குழாய்த் தண்ணீரில் கழுவினாலும் பயனில்லை.

காரைச் சமதளத்தில் நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கியால் தூக்கியபின் உறுதியான இரும்புத் தாங்கியின்மேல் இறக்குங்கள். வெறும் ஜாக்கியையோ செங்கல் அடுக்கையோ நம்பக்கூடாது. சக்கரத்தைக் கழற்றியதும் தெரியும் கரிய தூளை ஊதாதீர்கள். பழைய பட்டைகளில் கல்நார் இருக்கக்கூடும். ஈரத்துணியால் துடைப்பதே நலம். பிறகு சோப்பு நீரிலும், மீண்டும் நல்ல தண்ணீரிலும் கழுவி, கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் செதில்களைத் தேய்த்து நீக்கி, மறுபடி கழுவி உலர்த்த வேண்டும். மண்ணெண்ணெய் வேண்டாம், அது எண்ணெய்ப் பசையை விட்டுச் செல்லும், ரப்பரையும் உப்பவைக்கும்.

குழிகளில் எஞ்சிய துருவுக்குக் கடைகளில் துரு மாற்றி என்னும் திரவம் கிடைக்கிறது. அதில் பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ இருக்கும், கையுறை அவசியம். டானிக் அமிலம் இரும்புடன் சேர்ந்து கருநீலப் படலமாகிறது. கடுக்காயும் அன்னபேதியும் கலந்து நம் முன்னோர் மை காய்ச்சியதும் இதே வேதியியல்தான்! அதன்மேல், கவ்விக்கென்றே விற்கும் வெப்பம் தாங்கும் வர்ணத்தை மெல்லியதாக இரண்டு மூன்று முறை பூசினால் போதும். தாங்கும் வெப்பம் எத்தனை டிகிரி என்பது டப்பாவிலேயே அச்சிட்டிருக்கும்.

வர்ணம் படக்கூடாத இடங்கள்: தகட்டின் முகம், உராய்வுப் பட்டைகள், பிஸ்டனைச் சுற்றிய ரப்பர் உறை, எண்ணெய்க் குழாய், காற்று நீக்கும் திருகு, சக்கரம் பொருந்தும் பரப்பு. இவற்றையெல்லாம் காகிதமும் ஒட்டு நாடாவும் கொண்டு முன்பே மூடிவிட வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமானவை வழுக்கு ஊசிகளும், பட்டையின் காதுகள் நகரும் பள்ளங்களும். கவ்வியின் வெளிப்புறத் துரு பெரும்பாலும் அழகுக் குறைவுதான். இந்த நகரும் இடங்களில் ஏறும் துருவே ஆபத்து. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால் பட்டை இறுகிச் சிக்கிக்கொள்கிறது. ஒரு பக்கம் மட்டும் தேய்கிறது. பிரேக் பிடித்தால் வண்டி ஒருபுறம் இழுக்கிறது. அங்கே பூசிய வர்ணமும் அதே கேட்டைத்தான் செய்யும். ஊசிகளைக் கழற்றிச் சுத்தம் செய்து, அதற்கான கிரீஸ் இடுவது மெக்கானிக்கின் வேலை. வர்ணம் பூசத் தொடங்கும் முன்பே அதைச் செய்வித்துவிடுங்கள். கவ்வியின் அருகே எண்ணெய் கசிந்திருந்தால் வர்ணத்தை மறந்துவிட்டு நேரே பட்டறைக்குச் செல்லவும். பிரேக் எண்ணெய் வர்ணத்தையே கரைக்கக்கூடியது.

வர்ணம் நன்கு உலர்ந்தபின் சக்கரத்தை மாட்டி, காரைத் தரையில் இறக்கி, நட்டுகளை முறையாக முறுக்குங்கள். பிரேக்கைப் பலமுறை மிதித்துப் பார்த்து, மிதி உறுதியாக நின்ற பிறகே வண்டியை நகர்த்தலாம். மறுநாள் காலை தகட்டின்மேல் மெல்லிய ஆரஞ்சுப் படலம் தெரிந்தால் அஞ்ச வேண்டாம். அது ஓர் இரவின் துரு. முதல் சில பிரேக்குகளிலேயே தேய்ந்து போகும். சிறிது தூரம் ஓட்டி நிறுத்தியதும், தொடாமல், ஒவ்வொரு முன்சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுசென்று பாருங்கள். ஒன்றைவிட மற்றொன்று மிகுதியாகக் கொதித்தால், அந்தப் பக்கத்துக் கவ்வி இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.