பெயரில் ஒரு மலை, கண்ணெதிரே ஒரு மலை

பீங்கான் பாண்டங்களுக்குப் பேர்போன விருத்தாசலத்துக்கு முதன்முறை வருகின்ற அன்பர், "மலை எங்கே?" என்று வினவினால் அதில் வியப்பில்லை. விருத்தம் என்பது முதுமை. அசலம் என்பது மலை. பழமலை, முதுகுன்றம் என்பன இவ்வூரின் தமிழ்ப் பெயர்கள். மலைகளுக்கெல்லாம் மூத்த மலை இங்கே மண்ணுள் அமிழ்ந்து கிடக்கிறது என்பது ஊரார் நம்பிக்கை. பழமலைநாதரின் கோபுரங்களைத் தரிசிக்கலாம். மலையைப் பெயரில் மட்டுமே காணலாம்.

இவ்வூர்க் கோயிலருகே ஓடும் நதிக்கு மணிமுத்தாறு என்று பெயர். அதே பெயர் பூண்ட மற்றோர் ஆறு தெற்கே தாமிரபரணியோடு கலக்கிறது. அந்தத் தாமிரபரணி பிறக்கும் பொதிகை மலையோ இன்றும் நம் கண்ணெதிரே நிமிர்ந்து நிற்கிறது. தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் எல்லையாக நிற்கும் அதன் அகத்தியர் சிகரம் 1,868 மீட்டர் உயரமுடையது.

கயிலையில் சிவபெருமான் திருமணத்துக்கு உலகமெல்லாம் திரண்டதால் வடபால் தாழ்ந்தது என்றும், அதைச் சமன் செய்ய அகத்தியர் தென்பால் அனுப்பப்பெற்றார் என்றும் புராணம் கூறும். பௌத்தர்களுக்கும் இம்மலையில் உரிமையுண்டு. ஏழாம் நூற்றாண்டில் சீன யாத்திரிகர் யுவான் சுவாங் குறித்த அவலோகிதரின் போதலக மலை பொதிகையே என்பது அறிஞர் சிலர் கொள்கை. திபெத்தின் லாசா நகரத்துப் பொட்டலா மாளிகை அந்தப் போதலகத்தின் பெயரையே தாங்கி நிற்கிறது.

மலையின் உண்மைச் செல்வம் அதன் காடே. இரு பருவமழைகளையும் ஏற்கும் சோலைகளில், மட்கிய இலைகளும் வேர்களும் நீரை உறிஞ்சிச் சிறுகச் சிறுக வெளிவிடுகின்றன. அதனாலேயே தாமிரபரணி வற்றாத நதியாயிற்று. திருநெல்வேலி, தூத்துக்குடி வயல்கள் விளைகின்றன. 1988-இல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் இங்கே அமைந்தது. தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகம் அதுவே. 2016-இல் யுனெஸ்கோ அகத்தியமலையை உலக உயிர்க்கோளக் காப்பகங்களுள் ஒன்றாக ஏற்றது. இக்காட்டைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்கள் காணி மக்கள். கேரளப் பகுதிக் காணிகள் காட்டிய ஆரோக்கியப் பச்சை என்னும் மூலிகையினின்றே ஜீவனி என்ற மருந்து உருவாயிற்று.

இத்தகைய மலைக்கு நாம் செய்யும் கைம்மாறு யாது? ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து ஐயனார் கோயிலில் பல்லாயிரவர் திரளுகின்றனர். பக்தி போற்றற்குரியதே. ஆனால் புலியும் சிங்கவால் குரங்கும் வாழும் காட்டில் பிளாஸ்டிக் பைகளை எறிவதும், பாபநாசத்தில் பரிகாரமென்று உடுத்த துணியை ஆற்றில் விடுவதும் எந்தப் பக்தியில் சேரும்? பாவம் தீர மூழ்குகின்ற நீரிலேயே புதிய பாவத்தை விட்டு வருகிறோம். கொண்டுசென்ற பொருளைத் திரும்பக் கொண்டுவருவது ஒவ்வொரு யாத்திரிகரும் ஏற்கவேண்டிய விரதமாகும். குடும்பத் தலைவிகள் உறுதி பூண்டால் ஓராண்டிலேயே இது வழக்கமாகிவிடும்.

விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் சந்நிதியில் குறையுள்ளோர் பிராது எழுதிக் கட்டுவதுண்டு. பொதிகைக்கு எழுதத் தெரிந்திருந்தால் அதுவும் ஒரு பிராது கட்டியிருக்கும். பிரதிவாதிகளாக நம் பெயரே அதில் இருக்கும். மறைந்த மலையைப் பெயரால் போற்றுகிறோம். நிற்கின்ற மலையைச் செயலால் போற்றுவோமாக.